கொடைக்கானல்: நடந்து ஏறிய ஊர்

வாசகர் கேள்வி – பதில்

மலையூர்களைப் பற்றி எழுதிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொடைக்கானலைப் பற்றியே இருந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஒரே ஊருக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஊர் எப்படி உருவானது என்று கேட்டவர்களுக்கும், அங்கே போய் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது ஏறக்குறைய ஒன்றுதான். கால்நடையாக ஏறியவர்கள் உண்டாக்கிய ஊர் அது. இன்றும் நடந்து பார்ப்பவர்களுக்கே அது பிடிபடுகிறது.

கேள்வி: "கொடைக்கானலை ஆங்கிலேயர்கள் கண்டுபிடித்தார்கள்" என்று என் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். சுற்றுலா வழிகாட்டிகளிலும் அப்படித்தான் இருக்கிறது. அதற்கு முன்பு அங்கே மனிதர்களே இல்லையா? ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?
– ஓர் ஆசிரியை, வத்தலக்குண்டு

பதில்: பிள்ளைகளின் தாளில் "கண்டுபிடித்தார்கள்" என்பதை அடித்துவிட்டு, "குடியேறினார்கள்" என்று திருத்திக் கொடுங்கள் அம்மா. பழனி மலைத்தொடரில், குறிப்பாகத் தாண்டிக்குடிப் பக்கத்தில், பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பெருங்கற்காலக் கல்லறைகள் இன்றும் நிற்கின்றன. புறநானூற்றின் 205ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் கடிய நெடுவேட்டுவன் என்ற தலைவனைக் "கோடைப் பொருந" என்று விளிக்கிறார். அந்தக் கோடை மலை இந்த மலைதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. காட்டில் தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த பளியர்கள், புலையர்கள், சமவெளியிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் ஏறிவந்து படிக்கட்டு வயல் அமைத்த குன்னுவர்கள் ஆகியோர் ஐரோப்பியர் காலடி படுவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மலையின் குடிகள்.

1821ஆம் ஆண்டு நில அளவைக்காக லெப்டினன்ட் பி. எஸ். வார்டு மேலே ஏறியபோது, அவர் தங்கியிருந்து புறப்பட்டதே வெள்ளகவி என்னும் குன்னுவர் ஊரிலிருந்துதான். அப்படியானால் ஊர் இருந்தது, ஊரிலிருந்து மேலே போக வழி இருந்தது, வழியை அறிந்த மனிதர்களும் இருந்தார்கள். இன்றைக்கு ஏரியும் கடைவீதியும் இருக்கும் பள்ளத்தில் மட்டும் அன்று பெரிய குடியிருப்பு எதுவும் இல்லை. அதைக் கொண்டு மலையே ஆளில்லாமல் கிடந்தது என்று எழுதுவது பிழை.

பெயரைப் பொறுத்தவரை, "கோடை" என்ற பழைய மலைப்பெயரோடு "கானல்" சேர்ந்தது என்பாரும் உண்டு. கொடிகள் அடர்ந்த காடு என்ற பொருளில் "கொடிக்கானல்" என்பதே திரிந்தது என்பாரும் உண்டு. சங்கப் பாட்டில் கானல் என்றால் கடற்கரைச் சோலை. இந்த மலையிலோ வட்டக்கானல் என்று பக்கத்திலேயே இன்னொரு பெயர் இருப்பதைப் பார்க்கும்போது, காட்டுச் சோலை என்ற பொருளில் அச்சொல் இங்கே வழங்கியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. முதல் விளக்கம்தான் எனக்கு ஏற்புடையது.

கேள்வி: ஊட்டி வெள்ளை அதிகாரிகளின் ஊர், கொடைக்கானல் அமெரிக்கப் பாதிரிமார்களின் ஊர் என்று என் தந்தையார் சொல்வார். அது சரியா?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் தந்தையார் சொன்னது சரி. அதிகாரிகளும் வராமலில்லை. 1834இல் மதுரைத் துணை ஆட்சியராக இருந்த ராட்டன் என்பவரும், வருவாய் வாரிய உறுப்பினர் காட்டன் என்பவரும் தேவதானப்பட்டிப் பக்கமாக ஏறிவந்து செண்பகனூர் அருகே ஒரு சிறு பங்களா கட்டினார்கள். 1836இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் வந்து செடிகொடிகளைப் பார்த்து, மறு ஆண்டு அவற்றைப் பற்றி எழுதினார். ஆனாலும் நிலையான குடியிருப்பாக ஊர் தொடங்கியது அமெரிக்க மதுரை மிஷனால்தான்.

காரணம் நோய். மதுரைச் சமவெளியில் காலராவும் காய்ச்சலும் மிஷனைச் சேர்ந்தவர்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. முதலில் அருகிலுள்ள சிறுமலையில் ஓய்விடம் அமைத்துப் பார்த்தார்கள். அது போதிய உயரமில்லாததால் மலேரியா அங்கேயும் விடவில்லை. அதன் பிறகே ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஏறி, 1845இல் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு வீடுகளைக் கட்டிக் குடிபுகுந்தார்கள். கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு அன்று மருத்துவ உலகுக்கே தெரியாது. உயரத்தில் காய்ச்சல் வருவதில்லை என்ற பட்டறிவு மட்டுமே இருந்தது. 1852இல் பம்பாய்ப் படையைச் சேர்ந்த மேஜர் பார்ட்ரிட்ஜ் வீடு கட்டினார், 1860இல் சென்னை ஆளுநர் டிரெவெல்யன் வந்து பார்த்தார், வீடுகள் மெல்லப் பெருகின. 1901இல் மிஷன் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட சிறிய பள்ளியே இன்று ஏரிக்கருகில் இருக்கும் பன்னாட்டுப் பள்ளி.

படைமுகாமும் அரசாங்கத் தலைமையகமும் இல்லாமல், நோய்க்குத் தப்பி வந்த குடும்பங்களின் ஊராகத் தொடங்கியதுதான் கொடைக்கானலின் இயல்பைத் தீர்மானித்தது என்று நான் கருதுகிறேன். படகு ஓட்டுவது, டென்னிஸ் ஆடுவது, கூட்டமாக நெடுந்தூரம் நடப்பது, கூடாரமிட்டுத் தங்குவது என்று வெளியில் பொழுதைக் கழிக்கும் பழக்கங்கள் இங்கே வேரூன்றியதற்கு அந்தக் குடும்ப வாழ்க்கையே அடிப்படை.

கேள்வி: என் பாட்டனார் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து கொடைக்கானலுக்கு டோலி தூக்கியவர் என்று வீட்டில் சொல்வார்கள். மோட்டார் வருவதற்கு முன்பு அந்தப் பயணம் எப்படி இருந்தது? பழைய வழி இப்போதும் இருக்கிறதா?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரியகுளம்

பதில்: ஐயா, இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான் இரண்டு முறை படித்தது தங்கள் கடிதத்தைத்தான். கொடைக்கானல் வரலாற்றில் ஆட்சியர்கள், பாதிரிமார்கள், மேஜர்கள் ஆகியோரின் பெயர்கள் எல்லாம் கிடைக்கின்றன. அவர்களைத் தோளில் சுமந்து மேலே கொண்டுவந்தவர்களின் பெயர் ஒன்றுகூடப் புத்தகங்களில் இல்லை. தங்கள் பாட்டனாரின் பெயரையும், தாங்கள் கேட்டறிந்தவற்றையும் தயவுசெய்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தங்கள் துறையோடும் இந்தக் கதைக்குத் தொடர்பு உண்டு. 1875இல் மதுரை வழியாக ரயில் பாதை போடப்பட்ட பிறகு, சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருபவர்கள் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கினார்கள். அந்த நிலையத்துக்குத்தான் இன்று கொடைக்கானல் ரோடு என்று பெயர். அங்கிருந்து 33 மைல் மாட்டு வண்டிப் பயணம். வெயிலுக்கு அஞ்சி இரவில் வண்டி கட்டிக்கொண்டு, விடியும் நேரத்தில் மலையடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைவது வழக்கம். அதற்கு மேல் வண்டி போகாது. ஏறத்தாழ 12 மைல் தூரத்தில் ஆறாயிரம் அடி உயரம் ஏறும் ஒற்றையடிப் பாதை ஒன்றே வழி. அந்தப் பாதைக்கு அக்காலத்து ஆவணங்களில் "கூலி காட்" (காட் என்றால் மலைப்பாதை) என்றே பெயர் இருப்பதிலிருந்து, அது யாருடைய உழைப்பில் இயங்கியது என்பது தெரியும். உடல் வலுவுள்ளவர்கள் நடந்தார்கள். வசதியுள்ளவர்கள் மட்டக் குதிரையில் ஏறினார்கள். பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் மூங்கில் கட்டிய நாற்காலியிலோ டோலியிலோ உட்கார, ஆட்கள் முறை மாற்றிச் சுமந்தார்கள். வீட்டுச் சாமான், மரப்பெட்டி, தபால், அரிசி, கண்ணாடிச் சன்னல் என்று ஊரில் இருந்த ஒவ்வொரு பொருளும் ஏதோ ஒரு மனிதரின் தலையிலோ பொதிமாட்டின் முதுகிலோதான் மேலே வந்திருக்க வேண்டும். இன்று ஏரிக்கரையில் நிற்கும் பழைய கல்வீடுகளைப் பார்க்கும்போது, அழகுக்கு முன்னால் எனக்கு இந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வருகிறது.

வத்தலக்குண்டிலிருந்து ஏறும் இப்போதைய சாலையை மேஜர் லா என்பவர் 1870களில் தொடங்கினார். அவர் பெயரால் அதற்கு லாஸ் காட் சாலை என்று பெயர். நெடுங்காலம் இழுத்தடித்து, 1914இல் முடிந்து, 1916இல்தான் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். ஆகவே ஊர் தோன்றி எழுபது ஆண்டுகள் அது தோள்வலிமையாலேயே நடந்தது. மோட்டார் வந்த சில ஆண்டுகளில் பழைய பாதையின் தேவை போய்விட்டது. செண்பகனூருக்குக் கீழே அதன் சில பகுதிகள் காட்டுப் பாதையாக இன்னும் இருக்கின்றன. ஆனால் காப்புக்காடு என்பதால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது.

கேள்வி: கொடைக்கானல் ஏரி இயற்கையானதா? படகு சவாரி எப்போது தொடங்கியது?
– கல்லூரி மாணவர், சென்னை

பதில்: மனிதர் வெட்டிய ஏரிதான். 1863இல் மதுரை ஆட்சியர் வீர் ஹென்றி லெவிஞ்ச், மூன்று ஓடைகள் கூடும் சதுப்புப் பள்ளத்துக்குக் குறுக்கே கரை கட்டி நீரைத் தேக்கினார். பள்ளத்தின் மடிப்புகளுக்குள் எல்லாம் நீர் புகுந்ததால்தான் அது விண்மீன் போன்ற வடிவத்தில் இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். சுற்றி நடந்தால் 5 கிலோமீட்டர். மீன்குஞ்சுகளை விட்டதும், தூத்துக்குடியிலிருந்து முதல் படகை வரவழைத்ததும் அவரே. தூத்துக்குடியிலிருந்து வந்த படகு மலையடிவாரம் வரை வண்டியில் வந்திருக்கும். அதற்கு மேல் எப்படி வந்திருக்கும் என்பதை முந்தைய பதிலைப் படித்துவிட்டு நீங்களே எண்ணிப் பாருங்கள். 1890இல் படகுச் சங்கம் அமைந்தது, 1932 முதல் சுற்றுலாப் பயணிகளும் படகு ஓட்ட முடிந்தது. ஏரி நிரம்பி வழியும் நீர்தான் மலைப்பாதையில் நீங்கள் பார்க்கும் வெள்ளி நீர்வீழ்ச்சி. அதனால் ஏரிக்கரையில் எறியும் குப்பையும் விடும் கழிவுநீரும் அருவி வழியே கீழே இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்கின்றன.

கேள்வி: வேன் பிடித்து ஒரே நாளில் பன்னிரண்டு "பாயின்ட்" பார்த்துத் திரும்பி, எதுவும் மனத்தில் நிற்காமல் போன அனுபவம் எங்களுக்கு உண்டு. இம்முறை மூன்று நாள் தங்க நினைக்கிறோம். பத்து வயதுப் பிள்ளையும் அறுபது வயது மாமியாரும் உடன் வருகிறார்கள். நடந்து பார்க்க என்னென்ன இருக்கிறது?
– இல்லத்தரசி, திருச்சி

பதில்: மூன்று நாள் என்று முடிவு செய்ததிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது அம்மா. முதல் நாள் மலையேறும்போதே தொடங்கலாம். வத்தலக்குண்டுச் சாலையில் டம் டம் பாறைக்கு எதிரே வண்டியை நிறுத்தி இறங்கினால், எதிர் மலைச் சரிவில் வெள்ளைக் கயிறு தொங்குவது போலத் தலையாறு அருவி தெரியும். எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். ஏறத்தாழ 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அது தமிழ்நாட்டிலேயே மிக உயரமான அருவி. சிறுவயதில் பேருந்துச் சன்னல் வழியாக முதன்முதலில் அதைப் பார்த்தபோது, நீர் விழுவது தெரிந்தும் ஓசை கேட்காதது எனக்கு அச்சமாகவே இருந்தது. உங்கள் பிள்ளையிடம் அதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

மறுநாள் விடியற்காலையில், குதிரைகளும் கடைகளும் வருவதற்கு முன்பு, ஏரியைச் சுற்றி நடங்கள். சமதளம் என்பதால் மாமியாரும் வரலாம். முடியாவிட்டால் பாதியில் உட்கார்ந்துகொள்ளலாம், பிள்ளை வாடகைச் சைக்கிளில் சுற்றி வரலாம். படகில் ஏறுவதானால் மிதிபடகைக் காட்டிலும் துடுப்புப் படகை எடுக்கச் சொல்வேன். ஏரியின் உள்மடிப்புகளுக்குள் ஓசையில்லாமல் போகலாம். வனத்துறை அதிகாரி பிரையன்ட் 1908இல் உருவாக்கிய பூங்கா ஏரியை ஒட்டியே இருக்கிறது. மே மாதத்து மலர்க் கண்காட்சி நாட்களில் அங்கே பூவைவிட மனிதத் தலைகளே மிகுதியாகத் தெரியும். மற்ற நாட்களில் பெரிய மரங்களின் அடியில் அமைதியாக உட்காரலாம்.

பிற்பகலைக் கோக்கர்ஸ் வாக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1872இல் லெப்டினன்ட் கோக்கர் செங்குத்துச் சரிவின் விளிம்பில் வெட்டிய ஒரு கிலோமீட்டர் நடைபாதை அது. வானம் தெளிவாக இருந்தால் பெரியகுளமும் வைகைச் சமவெளியும் காலடியில் கிடக்கும். பள்ளத்தில் மேகம் தேங்கி, முதுகுக்குப் பின்னால் வெயில் சாய்ந்திருந்தால், உங்கள் நிழல் மேகத்தின் மீது பெரிதாக விழுந்து, தலையைச் சுற்றி வானவில் வளையம் ஒன்று தோன்றக்கூடும். மேகத்தின் நுண்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் ஏற்படும் காட்சி அது. ஒவ்வொருவருக்கும் தம் தலையைச் சுற்றி மட்டுமே வளையம் தெரியும், அருகில் நிற்பவரின் தலையைச் சுற்றித் தெரியாது. எல்லா நாளும் கிடைக்காது. கிடைத்தால் பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது.

மூன்றாம் நாள் பூம்பாறைக்குப் பேருந்தில் போய் வாருங்கள். மலைப்பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களும் குழந்தை வேலப்பர் கோயிலும் உள்ள பழைய ஊர் அது. சுற்றுலாவுக்காக அமைக்கப்படாத கொடைக்கானல் எப்படி இருக்கும் என்பதை அங்கே பார்க்கலாம். மேல்மலைப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சிறிய பல்லாக, காரம் மிகுந்ததாக இருக்கும். வீட்டுக்கு வாங்கி வருவதற்கு அதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை. வலுவுள்ளவர்கள் மட்டும் வட்டக்கானலில் இறங்கி டால்பின் மூக்குப் பாறை வரை நடக்கலாம். வேர்கள் பின்னிய செங்குத்துப் பாதை என்பதால் மாமியாரை அழைத்துப் போக வேண்டாம். பாறை விளிம்பில் செல்பேசியோடு நிற்க யாரையும் விடாதீர்கள்.

தூண்பாறையின் 400 அடி உயரத் தூண்களைப் பார்க்கப் போய், மூடுபனியால் வெறும் வெள்ளைத் திரையை மட்டும் பார்த்துத் திரும்பியவர்கள் ஏராளம். காலை நேரத்தில், மழைக்காலமான அக்டோபர், நவம்பரைத் தவிர்த்துப் போனால் ஏமாற்றம் குறையும். மாலையில் காட்டுமாடுகள் ஊருக்குள்ளேயே மேயும். சாதுவாகத் தோன்றினாலும் அவை வளர்ப்பு மாடுகள் அல்ல. நின்று, விலகி, வழிவிடுங்கள்.

கேள்வி: வானத்தைப் பார்க்க மேகமில்லாத இடம் வேண்டும் அல்லவா? மூடுபனிக்குப் பேர்போன கொடைக்கானலில் போய் ஏன் வானாய்வுக்கூடம் அமைத்தார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: நல்ல கேள்வி. அது பகலில் சூரியனை மட்டும் ஆராய்வதற்காக அமைக்கப்பட்டது. காலையில் மூடுபனி எழுவதற்கு முந்தைய சில மணி நேரத் தெளிவு அதற்குப் போதும், உயரத்தில் தூசும் குறைவு. தென்னிந்தியாவை உலுக்கிய 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமா என்று அறிய வேண்டும் என்ற எண்ணம் அரசுக்கு வந்தது. சென்னை வானாய்வுக்கூடத்தின் மிச்சி ஸ்மித், நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899 ஏப்ரல் முதல் நாள் கூடம் செயல்படத் தொடங்கியது. 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கிக் கிடைமட்டமாகப் பாய்வதை இங்கேதான் கண்டறிந்தார்; உலக வானியல் நூல்களில் அது எவர்ஷெட் விளைவு என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. நூற்றாண்டுக்கு மேல் தொடர்ச்சியாக எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இங்கே சேர்ந்திருக்கின்றன. ஏரியிலிருந்து அங்கு ஏறிச் செல்லும் சாலையே ஒரு நல்ல நடைதான்.

கேள்வி: பைன் காட்டில் நின்று படமெடுத்து அனுப்பினேன். அது நம் காடே இல்லை என்று என் மகன் கடிந்துகொண்டான். பச்சையாக இருக்கும் மரம் எந்த ஊர் மரமாக இருந்தால் என்ன?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கோவை

பதில்: உங்கள் மகன் சொன்னது உண்மை, நீங்கள் கேட்பதும் நியாயம். இந்த மலையின் மேல்தளத்தில் இயல்பாக இருந்தவை இரண்டு. பள்ள மடிப்புகளில், காற்று தாக்காத ஈரத்தில், பாசி படர்ந்த குட்டை மரங்கள் நெருக்கமாக நிற்கும் சோலை ஒன்று. அவற்றுக்கு இடையே மேடுகள் முழுவதும் விரிந்து கிடந்த புல்வெளி மற்றொன்று. நம்முடைய "சோலை" என்ற சொல்லையே உலகச் சூழலியலாளர்கள் இவ்வகைக் காட்டுக்குப் பெயராக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். புல்வெளி மழைநீரை மண்ணுக்குள் வாங்கி வைத்துக்கொள்ள, சோலை ஓடை ஆண்டு முழுவதும் அதைக் கசியவிட்டது. வராகநதிக்கும் மஞ்சளாற்றுக்கும், வடக்கே பழனிப் பக்கத்து ஆறுகளுக்கும் இதுவே தாய்மடி.

வந்தவர்களின் கண்ணுக்குப் புல்வெளி வெற்று நிலமாகத் தெரிந்தது. விறகுக்கென்று யூகலிப்டஸ், தோல் பதனிடும் பட்டைக்கென்று சீகை என்று இங்கே அழைக்கப்படும் வேட்டில் மரம், மரத்துக்கென்று பைன் என அதில் நட்டார்கள். நீங்கள் படமெடுத்த பைன் தோப்பு 1900களின் தொடக்கத்தில் பிரையன்ட் காலத்தில் தொடங்கிய வகையைச் சேர்ந்தது. நாடு விடுதலை பெற்ற பின் வேட்டில் நடவு இன்னும் பெரிதாயிற்று. செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பழனி மலையை ஆராய்ந்தவர்கள், 1970கள் தொடங்கி நாற்பதாண்டுக் காலத்தில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். புல்வெளி போனால் வரையாட்டுக்கு மேய்ச்சல் இல்லை, நெட்டைக்காலிக் குருவிக்குக் கூடு கட்ட இடமில்லை, கோடையில் ஓடைக்கு நீரும் இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் உடனே வெட்டிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அங்கே அவசரப்பட்டு வெட்டினால் அந்தக் கன்றுகளும் போகும். வேட்டில் புதிதாகப் பரவும் புல்வெளி விளிம்பில் கன்றைப் பிடுங்குவதுதான் மிகுந்த பயன் தரும். 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பின் இதைச் செய்யச் சட்ட வலிமையும் வந்திருக்கிறது. அடுத்த முறை போகும்போது ஊருக்குள்ளேயே எஞ்சியிருக்கும் பாம்பே சோலையின் ஓரமாக நடந்து பாருங்கள். பைன் தோப்பில் உங்கள் காலடி ஓசை மட்டும்தான் கேட்டிருக்கும். சோலையில், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஃபேர்பேங்கின் பெயரை அறிவியல் பெயரில் தாங்கிய பழனிமலைச் சிரிப்பான் பறவை உங்களுக்கு முன்னால் கூவும்.

கேள்வி: நண்பர்கள் நால்வர் மலையேற்றம் போக விரும்புகிறோம். வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கலாம் என்கிறார்கள். அனுமதி வேண்டுமா?
– வாசகர், கரூர்

பதில்: கட்டாயம் வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற இளைஞர்கள் பலர் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய "ட்ரெக் தமிழ்நாடு" திட்டத்தில் வனத்துறையே 40 வழிகளை வகுத்து, உள்ளூர் மலைமக்களைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக உடன் அனுப்புகிறது. இணையத்தில் பதிவு செய்து, அவர்களோடு மட்டும் போங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை தீக்காலம். புல் காய்ந்து கிடக்கும் அந்த மாதங்களில் வழிகளை மூடிவிடுவார்கள். வெள்ளகவிக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் முழுவதும் கோயில்கள் இருப்பதால் அவ்வூர் மக்கள் உள்ளே காலணி அணிவதில்லை.

சொந்த வண்டியில் போவதானால் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற ஆணைப்படி இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வாரநாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் விதித்தார்கள். 2011 கணக்கெடுப்பில் 36,501 பேர் மட்டுமே வாழ்ந்த ஊருக்கு இந்த வரம்பே மிகுதி என்பது என் எண்ணம். கிளம்புமுன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் வேண்டாம். வீட்டுக் குடுவையை எடுத்துப் போங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் உள்ள குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டியவர் எங்கள் இராமநாதன் துரையின் மனைவி என்று அம்மம்மா சொல்லுவா. உண்மையா? குறிஞ்சி இனி எப்போது பூக்கும்?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் அம்மம்மா சொன்னது உண்மை. சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார், ஆஸ்திரேலியாவில் பிறந்து, சைவ நெறியை ஏற்று, அவரை மணந்துகொண்டவர். 1913இல் மருதனார்மடத்தில் நிறுவப்பட்ட பெண்கள் கல்லூரியில் அவர் ஆற்றிய பணியை உங்கள் ஊரார் நன்கு அறிவார்கள். கணவர் 1930இல் மறைந்த பின், 1936இல் இந்தக் கோயிலைக் கட்டுவித்தார். குறிஞ்சி நிலத்துக்குச் சேயோனை, அதாவது முருகனை, தெய்வமாகச் சொல்வது தொல்காப்பிய மரபு. அதை அறிந்த ஒருவர் வைத்த பெயராகவே இது எனக்குப் படுகிறது.

குறிஞ்சிச் செடி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து, விதை தந்து, மடிந்துவிடும். 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது, அடுத்தது 2030. பளியர்கள் தம் வயதைக் குறிஞ்சிப் பூப்பைக் கொண்டு எண்ணுவதுண்டு என்பார்கள். புல்வெளிச் சரிவுகளே அதன் இடம் என்பதால், புல்வெளி சுருங்கச் சுருங்கக் குறிஞ்சியும் சுருங்குகிறது. 2030இல் வருவதாக இருந்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் வாருங்கள். அம்மம்மாவால் இயலுமானால் அவரையும் அழைத்து வாருங்கள். ஏரியிலிருந்து கோயிலுக்கு 3 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலையில் நடந்தே போகலாம். பனி விலகியிருந்தால், கோயில் வெளியில் நின்று வடக்கே பார்க்கும்போது கீழே பழனி மலை சிறு குன்றாகத் தெரியும்.